புதன்கிழமை என்னுடைய முறை

1

போன மாதம் நாங்கள் எட்டு வீடுகளுக்கு எட்டுச் சலவை அறைகளைக் கட்டி முடித்தோம். சிமெந்து இல்லை, கல் இல்லை, மேசன் இல்லை. பொத்தானை அழுத்தினால் எட்டும் எழும்பி நிற்கும். வேலை சுத்தமாக நடக்கிறது என்று நானும் நினைத்தேன், என்னோடு வேலை செய்யும் றெத்தோவும் நினைத்தான். கட்டச் சொன்னது ஒரேயொரு சலவை அறைதான் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இது விசர்க்கதையாக இருக்கும். அதனால் முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் உடுப்பிட்டிக்காரி. இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாகச் சுவிஸில், பேர்ண் நகரத்துக்குச் சற்று வெளியே இருக்கிறேன். வந்த புதிதில் ஒரு முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்புகளை மடித்தேன். பிறகு மொழி படித்து, அந்த மொழியிலேயே கணினியும் படித்து, இப்போது மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எங்கள் நிறுவனம் அடுக்குமாடி வீடுகளை வாடகைக்கு விடுகிறவர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறது. எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்த வாகனத் தரிப்பிடம், சலவை அறையில் எவருடைய முறை எப்போது என்பதெல்லாம் அதற்குள் அடக்கம்.

சோதிப்பதற்கு ஆட்கள் வேண்டும். உண்மையான குடியிருப்பாளர்களின் விபரங்களை எடுத்து விளையாட முடியாது, சட்டம் விடாது. ஆகவே பொய்யான ஆட்களையும் பொய்யான வீடுகளையும் நாங்களே உண்டாக்கிக்கொள்வோம். அவற்றை உண்டாக்கித் தரும் சிறு நிரலுக்குத் தொழிலில் ‘ஃபக்டரி’ என்று பெயர். ஒரு வீடு வேண்டும் என்றால் ஒரு வீடு தரும், நூறு வேண்டும் என்றால் நூறு தரும்.

இதை ஒருமுறை ஊரில் இருக்கும் என் அண்ணைக்கு விளங்கப்படுத்தினேன். அவர் அதைச் சந்தியில் உள்ளவர்களுக்கு விளங்கப்படுத்தினார்.

“தங்கச்சிக்கு அங்கை பொய் ஆக்களை உண்டாக்கிற வேலை. அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்கள்.”

அடுத்த முறை நான் ஊருக்குப் போனபோது, கோயில் வீதியில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தன் மருமகனையும் அந்த வழியால் சுவிஸுக்கு அனுப்ப முடியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். முடியாது என்று சொன்னதை அவர் நம்பவில்லை. உள்ளூராருக்கு மட்டும் செய்ய மாட்டேன் என்கிறாள் என்று போய்விட்டார்.

இந்தப் பொய் உலகத்திலும் சில உறவுகள் உண்டு. அவற்றில் முக்கியமானதை ‘ஒன்றுக்குப் பல’ என்று சொல்வோம். ஒரு தாய்க்குப் பல பிள்ளைகள், ஒரு கட்டடத்துக்குப் பல வீடுகள், ஒரு சலவை அறைக்குப் பல குடித்தனங்கள். கேட்க இலகுவாக இருக்கிறது. ஃபக்டரிக்கு அதைச் சரியாகச் சொல்லிக்கொடுப்பதில்தான் தலை இடிக்கிறது.

2

சலவை அறை என்றால் என்னவென்றும் சொல்ல வேண்டும். இந்த நாட்டின் பழைய அடுக்குமாடிகளில் வீட்டுக்குள் சலவை இயந்திரம் கிடையாது. நிலத்துக்குக் கீழே ஒரு அறையில் ஒரேயொரு இயந்திரம் இருக்கும். கட்டடத்தில் இருக்கும் எல்லாருக்கும் அது ஒன்றுதான். எங்கள் கட்டடத்தில் எனக்குப் புதன்கிழமை. முதல்நாள் முறைக்காரர் சாவியை என் தபால் பெட்டிக்குள் போடுவார், புதன் இரவுக்குள் நான் அதை வியாழக்கிழமைக்காரரின் பெட்டிக்குள் போட வேண்டும். அதற்கு முன்னர் இயந்திரக் கதவின் இறப்பர் வளையத்தைத் துடைத்து, பக்கத்தில் இருக்கும் உலர்த்தியின் வடிகட்டியில் சேர்ந்த பஞ்சை எடுத்து, நிலத்தையும் கூட்டிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இயந்திரத்தைத் தொடவே கூடாது.

வந்த முதல் மாதம் நான் தொட்டது ஞாயிற்றுக்கிழமைதான். ஊரில் கிழமை முழுவதும் தோட்டத்துக்கு இறைத்த கிணறு ஞாயிறன்றுதான் குளிப்புக்கும் தோய்ப்புக்கும் கிடைக்கும். அந்தப் பழக்கத்தில் ஒரு கூடை துணியோடு இறங்கிப் போனேன். மூன்றாம் மாடித் திருமதி வெங்கர் கீழே வந்து என்னோடு நீண்ட நேரம் கதைத்தார். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வயதானவர், வரவேற்கிறார் போல என்று நினைத்து, எனக்குத் தெரிந்த ஒரே சொல்லான ‘நன்றி’யைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் சிவந்தது.

அவர்தான் வியாழக்கிழமைக்காரர். அதாவது நான் விட்ட பிழை முழுவதும் நேராக அவருடைய தலையில்தான் போய் விழும். அடுத்த கிழமையில் இருந்து சலவை அறைக் கதவில் அவருடைய முறைப்பாட்டுத் துண்டுகள் ஒட்டப்படத் தொடங்கின. அகராதியை வைத்துக்கொண்டு அவற்றை வாசித்தேன். வாசித்தால் மட்டும் போதுமா, பதில் எழுத வேண்டாமா? அதற்கும் சொல் தேடினேன். மொழி வகுப்புக்குப் போன முதல் நாள் ஆசிரியை படத்தைக் காட்டி அப்பிளுக்கு என்ன சொல் என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. ஆனால் பஞ்சு வடிகட்டி, இறப்பர் வளையம், பொறுப்பில்லாத நடத்தை ஆகிய மூன்றும் எனக்கு அந்த மொழியில் பாடமாக இருந்தன. அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மகள் மதுரா பிறந்தபோது திருமதி வெங்கர் ஒரு கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு துண்டும் இருந்தது. முதல் வரியில் வாழ்த்து, இரண்டாவது வரியில் வடிகட்டி. அந்தத் தொப்பியை இன்னும் வைத்திருக்கிறேன்.

ஐந்தாம் மாடியில் ஒருவர் இருக்கிறார். அனுமதி எடுத்துத் தன் வீட்டுக்குள்ளேயே சொந்தமாக ஒரு இயந்திரம் பூட்டிக்கொண்டவர். இத்தனை வருடத்தில் அவரோடு எனக்கு ஒரு சண்டையும் வந்ததில்லை. அவருடைய பெயரும் எனக்குத் தெரியாது.

3

இனி எங்கள் கிணற்றுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணறு என்றால் அது ஒருவருக்குச் சொந்தமாக இருப்பது குறைவு. உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், காணியை எழுதிவிட்டு, ‘கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கும் வழி வாய்க்காலும்’ என்று கடைசியில் சேர்த்திருப்பார்கள். எங்களுடையது மூன்று பங்கு. ஒரு பங்கு அண்ணைக்கு, ஒரு பங்கு பெரியப்பாவின் மகன் சிவத்தண்ணைக்கு, ஒரு பங்கு எனக்கு. பிள்ளைகள் இல்லாத அத்தை தன் தோட்டத்துண்டையும் அதோடு வந்த கிணற்றுப் பங்கையும் எனக்குச் சீதனமாக எழுதிவிட்டார்.

திங்களும் வியாழனும் சிவத்தண்ணையின் இறைப்பு. செவ்வாயும் வெள்ளியும் அண்ணையின் இறைப்பு. புதனும் சனியும் என்னுடையவை. ஞாயிறு பொது. ஆகவே இரண்டு கண்டங்களில் ஒரே நேரத்தில் புதன்கிழமைக்கு உரிமை உள்ள ஆள், எனக்குத் தெரிந்தவரையில் நான் ஒருத்திதான்.

நான் இங்கே சட்டைகளைத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே என் முறைத் தண்ணீரை அண்ணை தன் வெங்காயத்துக்கு இறைத்துவந்தார். நான் கேட்டதில்லை, அவர் சொன்னதுமில்லை. சிவத்தண்ணையும் பல வருடங்களாகப் பேசாமல் இருந்தார். போன வருடம் அவர் புதிதாக ஒரு துண்டு குத்தகைக்கு எடுத்து மிளகாய் நட்டார். தண்ணீர் போதவில்லை. ஊரில் இல்லாத ஆளின் முறை இருக்கிற இரண்டு பேருக்கும் பொது என்று அப்போதுதான் அவருக்கு நியாயம் தோன்றியது. அண்ணைக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. கிணற்றடியில் வாய்த்தர்க்கம் வந்து, இருவரும் கதைப்பதை நிறுத்தினார்கள். வீடுகளுக்கு நடுவில் ஒரு வேலிதான். ஒருவர் வருவதைக் கண்டால் மற்றவர் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். அண்ணையிடம் மாடே இல்லை.

இந்த நேரத்தில்தான் அண்ணைக்கு யோசனை வந்தது. குழாய்க்கிணறு அடிப்பது. தனக்கென்று தனியாக.

“உவன் சிவத்தோடை இனி எனக்கு ஒரு கதையும் வேண்டாம்,” என்றார் தொலைபேசியில். “எனக்கு என்ரை தண்ணி, அவனுக்கு அவன்ரை தண்ணி. சண்டையே வராது.”

சொந்தத் துண்டில் வெங்காயம் நிற்பதால் என் துண்டில் அடிக்க வேண்டுமாம். அதற்கு என் சம்மதம் எழுத்தில் தேவை. சாவகச்சேரியில் இருந்து இயந்திரத்தோடு வரும் ஆளுக்கு நாளும் குறித்தாகிவிட்டது.

வேண்டாம் அண்ணை என்றேன். எங்கள் நிலத்துக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக் கல். நல்ல தண்ணீர் மேலே மெல்லிதாகத்தான் நிற்கும், அளவுக்கு மேல் உறிஞ்சினால் கீழே இருந்து உவர் ஏறும். எங்களுக்கு நாலைந்து வளவு தள்ளி ஒருவர் அப்படித்தான் குழாய்க்கிணறு அடித்தார். முதல் வருடம் ஊரே போய்க் குடித்துப் பார்த்து இனிக்கிறது என்றது. இப்போது அந்தத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் பால் திரைகிறது. பக்கத்துக் கிணறும் அதோடு சேர்ந்து கெட்டது. எங்கள் கிணறும் அப்படிப் போனால் அண்ணையின் வெங்காயமும் போகும், சிவத்தண்ணையின் மிளகாயும் போகும், பிறகு சமாதானமாகப் போகவும் ஒரு காரணம் இருக்காது. இதையெல்லாம் சொன்னேன். எங்கள் காணியில் அப்படி வராது என்றார். அவர் மனதுக்குள் எண்ணியிருந்தது தண்ணீரை அல்ல, சிவத்தண்ணையின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதை.

அவருடைய நச்சரிப்புத் தாங்காமல், சம்மதக் கடிதத்தை உறுதிப்படுத்த இங்கே பத்திரங்களுக்கு முத்திரை வைக்கும் ஒரு நொத்தாரிசிடம் போனேன். உறுதியை மொழிபெயர்த்துக் கொடுத்திருந்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, கிணற்றில் மூன்றில் ஒரு பங்கு என்றால் எந்தப் பங்கு, மேலா, நடுவா, அடியா என்று மரியாதையாகக் கேட்டார். மூன்றும் இல்லை, புதனும் சனியும் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்தார். கையெழுத்து வைக்க வேண்டி வந்துவிடுமே என்று பயந்திருந்த எனக்கு, அவருடைய குழப்பம் நல்லதாகப் போயிற்று. இன்னும் சில விளக்கங்கள் வேண்டும் என்று நாளைத் தள்ளிப்போட்டார். கையெழுத்து வைக்காத தாளோடு வீட்டுக்கு வந்தேன்.

4

அதே கிழமையில்தான் எட்டுச் சலவை அறைகளின் கதை வெளிவந்தது. எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் கட்டடத்தில் இரண்டு குடித்தனங்களுக்கு ஒரே நேரத்துக்குச் சலவை முறை கிடைத்துவிட்டது. இரண்டு பேரும் கூடைகளோடு கீழே சந்தித்திருக்கிறார்கள். அதன் பிறகு என்ன நடந்தது என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. முறைப்பாட்டின் நீளத்தைப் பார்த்தால் நல்லதொன்றும் நடக்கவில்லை.

இரண்டு பேருக்கு ஒரே முறை கிடைக்கவே முடியாது என்றான் றெத்தோ. எங்கள் சோதனைகள் எல்லாம் பச்சை. தேறினால் பச்சை விளக்கு, தேறாவிட்டால் சிவப்பு. ஒரே நேரத்தில் இரண்டு பேர் பதிய முயன்றால் ஒருவரை மறிக்க வேண்டும் என்பதற்கே தனியாக ஒரு சோதனை இருந்தது, அதுவும் பச்சை. றெத்தோ நல்ல பொடியன், ஆனால் பச்சையைக் கண்டால் வேறொன்றையும் பார்க்க மாட்டான்.

இரண்டு பேரும் ஃபக்டரியைத் திறந்து உட்கார்ந்தோம். வெகுநேரத்துக்குப் பிறகுதான் கண்ணில் பட்டது. ஒரு வீடு வேண்டும் என்று ஃபக்டரியிடம் கேட்கிறோம். வீடு என்றால் அதற்கு ஒரு சலவை அறை இருக்க வேண்டும் என்று அதற்குத் தெரியும். நாங்கள் எந்த அறை என்று சொல்லவில்லை. உடனே அது மிகவும் அக்கறையோடு புதிதாக ஒரு சலவை அறையைக் கட்டி அந்த வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறது. அடுத்த வீட்டைக் கேட்டால் அதற்கும் ஒன்று. எட்டு வீடு கேட்டால் எட்டு. சோதனையில் வரும் இரண்டு பேரும் ஒரே நேரத்துக்குத்தான் பதிகிறார்கள், ஆனால் வேறு வேறு அறைகளில். மறிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லை.

அந்த உலகத்தில் எல்லாரிடமும் ஒவ்வொரு சலவை அறை. யாரும் யாரோடும் முட்டிக்கொள்வதில்லை. அதனால்தான் அவ்வளவு பச்சை. ஆனால் எங்கள் மென்பொருளுக்கு முறை வைக்கத் தெரியுமா தெரியாதா என்பதை அது ஒருநாளும் சொல்லவில்லை.

திருத்துவது பெரிய வேலை இல்லை. முதலில் ஒரேயொரு சலவை அறையை உண்டாக்க வேண்டும். பிறகு எட்டு வீடுகளையும் உண்டாக்கும்போது, ஒவ்வொன்றுக்கும் இந்த அறைதான் உன்னுடையது என்று கையில் கொடுக்க வேண்டும். றெத்தோ தேநீர் எடுக்கப் போன நேரத்தில் நானே எழுதிவிட்டேன். பெயர்களுக்கு அவசரத்தில் வாயில் வந்ததைப் போட்டேன். முதலாவது வீட்டில் சிவம், இரண்டாவதில் அண்ணை.

திரும்பி வந்தவன் நான் எழுதியதை வாசித்து, ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நின்றான். ஒவ்வொரு வீட்டுக்கும் எதிரே ‘சலவை அறையில் பங்கு: மூன்றில் ஒன்று’ என்று ஒரு தகவலையும் சேர்த்திருந்தேன். எட்டு வீட்டுக்கும் மூன்றில் ஒன்று. இது என்ன, மூன்றில் ஒரு பங்கு அறையில் என்ன தோய்ப்பார்கள், சட்டையின் கைப்பகுதி மட்டுமா என்று கேட்டான். அதோடு எட்டு மூன்றிலொன்றுகளைச் சேர்த்தால் எவ்வளவு வரும் என்று தனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததாகவும் சொன்னான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுவிஸ்காரனின் சலவை அறைக்கு உடுப்பிட்டி உறுதியை எழுதிவைத்திருந்தேன்.

அதை அழித்துவிட்டுச் சோதனைகளை ஓட விட்டோம். பச்சை, பச்சை என்று வந்து, அந்த ஒன்றில் சிவப்பு. திரையில் கொட்டை எழுத்தில் நின்றது: சிவமும் அண்ணையும் ஒரே சலவை அறையை ஒரே நேரத்தில் பிடித்துவிட்டார்கள், எவரையும் மறிக்கவில்லை.

றெத்தோ தலையில் கை வைத்தான். எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை. யார் இந்தச் சிவம், யார் இந்த அண்ணை, உனக்குத் தெரிந்தவர்களா என்று கேட்டான். ஓம், அவர்களுக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை என்றேன்.

5

மதுராவுக்குப் பாசல் நகரத்தில் வேலை கிடைத்து, அந்தச் சனிக்கிழமை அவளைப் புது வீட்டில் கொண்டுபோய் விட்டோம். புதிதாகக் கட்டிய வீடு. சமையலறைக்குப் பக்கத்தில் ஒரு அலுமாரியைத் திறந்து காட்டினாள். உள்ளே அவளுக்கே அவளுக்கென்று ஒரு சலவை இயந்திரம். இவர், அதாவது என் கணவர், வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

“அம்மா, சண்டே கூடத் தோய்க்கலாம்,” என்றாள். “ஒருத்தரோடயும் கதைக்கத் தேவையில்லை.”

வரும் வழியில் மாமாவின் குழாய்க்கிணற்றுக் கதையை அவளுக்குச் சொல்லியிருந்தேன். அதற்கும் அவளிடம் ஒரு தீர்ப்பு இருந்தது. மாமா செய்வது சரிதானே, அவருக்கும் என்னைப் போலத் தனி மிசின், நீங்கள் ஏன் மறிக்கிறீங்கள் என்று கேட்டாள். அவளுடைய தமிழ் அரைவாசி தமிழ், ஆனால் கேள்வி முழுக் கேள்வி. உவர் ஏறும் என்று மட்டும் சொன்னேன். அது அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டு கிழமைகளுக்குப் பிறகு வீட்டுக்கு வந்தாள், கையை வீசிக்கொண்டு. படிக்கிற காலத்தில் விடுதியில் இருந்து வரும்போதெல்லாம் ஒரு பை நிறைய ஊத்தைத் துணி கொண்டுவருவாள், நான் ஏசி ஏசித் தோய்ப்பேன். இந்த முறை ஏசுவதற்கு ஒன்றும் இல்லை. சாப்பிட்டாள், சிரித்தாள், பின்னேர ரயிலுக்குப் போய்விட்டாள். எனக்கு அது துக்கமாக இருந்தது. பிள்ளை நன்றாக இருக்கிறாள், அதற்கு ஏன் துக்கப்படுகிறாய் என்று இவர் கேட்டார். எட்டு வீட்டுக்கு எட்டு அறை என்றேன். இவர் ஒன்றும் விளங்காமல் தொலைக்காட்சியைப் போட்டார்.

அந்தக் கடுப்போடுதான் அண்ணையின் அழைப்பை எடுத்தேன். குழாய்க்கிணறு அடிக்கிறவர் திங்கள் வருகிறாராம், கடிதம் எங்கே என்றார்.

“நான் கையெழுத்து வைக்கேல்லை, அண்ணை. வைக்கவும் மாட்டன்,” என்றேன். “புதனும் சனியும் ஆரின்ரை முறை?”

“உன்ரை முறை. அதைத்தானே நானும் அவனுக்குச் சொல்லுறன்.”

“அப்ப அது என்ரையாவே இருக்கட்டும். இனிமேல் புதனும் சனியும் அந்தக் கிணத்திலை மோட்டர் ஓடக் கூடாது. நீங்களும் இறைக்க வேண்டாம், சிவத்தண்ணையும் இறைக்க வேண்டாம். கிணறு ஊறட்டும்.”

“உனக்கென்ன விசரோ? தண்ணியைச் சும்மா விடுறதோ?”

“என்ரை தண்ணி, என்ரை விசர்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதையே குரல் பதிவாகச் சிவத்தண்ணைக்கும் அனுப்பினேன். அவர் என்னோடு ஒருநாளும் கோபித்ததில்லை. ‘யோசிப்பம் பிள்ளை’ என்று பதில் வந்தது. எங்கள் ஊரில் அதற்கு அர்த்தம், நீ சொன்னது எனக்குக் கேட்கவே இல்லை என்பது.

இதை நான் ஏதோ தந்திரமாகச் செய்தேன் என்று நினைக்க வேண்டாம். கோபத்தில் செய்தேன். இரண்டு பேருக்கும் கொடுக்காமல் விட்டால் இரண்டு பேரும் ஒரே அளவில் வயிறெரிவார்கள் என்ற நினைப்பு அந்த நேரத்தில் எனக்கு இனித்தது. பிறகு பயமும் வந்தது. என் கையெழுத்து இல்லாமல் என் துண்டில் அடிக்க முடியாது. ஆனால் அண்ணை வீம்புக்காரர், நிற்கிற வெங்காயத்தைப் பிடுங்கிவிட்டுத் தன் துண்டிலேயே அடித்தாலும் அடிப்பார். அந்தத் திங்கள் முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழைப்பு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

6

அடுத்த நாள் புதன்கிழமை. புதன்களில் வீட்டில் இருந்துதான் வேலை. மத்தியானத்துக்குப் பிறகு நிலக்கீழ் அறையில் கடைசிக் கூடையைப் போட்டுவிட்டு உலர்த்தியின் வடிகட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். தொலைபேசி அடித்தது. ஊரில் அப்போது வெயில் தாழும் நேரம்.

காணொளி அழைப்பு. அண்ணையின் இலக்கம். திரையில் அண்ணையின் பாதி முகம் தெரிந்தது. மற்றப் பாதியில் சிவத்தண்ணையின் மீசை தெரிந்தது. இரண்டு பேரும் ஒரு சின்னத் திரைக்குள் அடங்க முடியாமல் தலைகளை முட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் வாய் திறக்க முன்னர் ஏச்சு விழத் தொடங்கியது. வெங்காயம் கிழங்கு வைக்கிற நேரமாம், மிளகாய் பூக்கிற நேரமாம், குளிர் நாட்டில் இருந்துகொண்டு வெயிலில் நிற்கிறவனுக்குச் சட்டம் போடுகிறேனாம். ஒருவர் மூச்சு வாங்கும் இடத்தில் மற்றவர் எடுத்துத் தொடர்ந்தார். சின்ன வயதிலேயே எனக்கு இந்தப் பிடிவாதம் இருந்தது என்று அண்ணை சொல்ல, ஓமோம், பள்ளிக்கூடம் போகாமல் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள் என்று சிவத்தண்ணை சாட்சி சொன்னார். எத்தனையோ மாதங்களாகக் கதையாமல் இருந்த இரண்டு பேர் எனக்கு எதிராக இவ்வளவு ஒற்றுமையாக நின்றதைப் பார்க்க எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

கடைசியில் சிவத்தண்ணை சமாதானக் குரலில் கேட்டார்.

“புதனை உவனுக்கு விடு, சனியை எனக்கு விடு. நாங்கள் கதைச்சு முடிச்சிட்டம். நீ ஓம் எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் போதும்.”

“அப்ப குழாய்க்கிணறு அடிக்கிற கதை?” என்று கேட்டேன்.

“அவரைத் திருப்பி அனுப்பியாச்சு,” என்றார் அண்ணை எங்கேயோ பார்த்துக்கொண்டு. “உன்னோடை சண்டை பிடிக்கவே எங்களுக்கு நேரம் போதாமல் கிடக்கு.”

அப்போதுதான் அந்தச் சத்தம் என் காதில் விழுந்தது. அவர்களுக்குப் பின்னால், சீராக, இடைவிடாமல். எங்கள் கிணற்று மோட்டரின் சத்தம் எனக்கு நித்திரையிலும் தெரியும்.

“அண்ணை, பின்னாலை என்ன சத்தம்?”

இரண்டு முகங்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தன. பிறகு ஒரே நேரத்தில் என் பக்கம் வந்தன. பக்கத்துக் காணியாக இருக்கும் என்றார் சிவத்தண்ணை. காற்று என்றார் அண்ணை. இதை மட்டும் முன்கூட்டியே கதைத்து முடிக்க மறந்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தோட்டத்துக்குள் இருந்து அண்ணியின் குரல் கேட்டது.

“ரெண்டு பேரும் அங்கை என்ன செய்யிறியள்? பாத்தி உடைக்குது, தண்ணி மாற வாங்கோ.”

தொலைபேசியைக் கிணற்றுக் கட்டின் மேல் வைத்துவிட்டு இருவரும் ஓடிவிட்டார்கள். திரையில் ஒரு துண்டு வானமும் கட்டின் விளிம்பும் மட்டும் மிஞ்சின. வரம்பை வெட்டு, அங்காலை வெட்டு என்று அண்ணை கத்துவதும், எனக்குத் தெரியும், நீ விலகு என்று சிவத்தண்ணை கத்துவதும் கேட்டன. என் முறைத் தண்ணீர் யாருடைய வாய்க்காலில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அழைப்பைத் துண்டிக்காமல் தொலைபேசியைச் சலவை இயந்திரத்தின் மேல் சாய்த்து வைத்தேன். இரண்டு மோட்டர்களும் ஓடிக்கொண்டிருந்தன.

திருமதி வெங்கர் படியிறங்கி வந்து வாசலில் நின்றார். நாளைக்குத் தன் முறை, இதென்ன சத்தம், இயந்திரம் பழுதாகிவிட்டதா என்று கேட்டார். பழுது ஒன்றுமில்லை, இன்றைக்கு எனக்கு இரண்டு இடத்தில் முறை என்றேன்.

அவர் தொலைபேசியில் தெரிந்த வானத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த வடிகட்டியைப் பார்த்தார். பஞ்சு இன்னும் முழுவதும் போகவில்லை என்றார்.